குழாயும் தாழ்ப்பாளும்: பள்ளியில் உடல்நலப் பழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு நடுநிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வி ஆர்வலர் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிறுத்தி அம்மாக்கள் கேட்பது, புதிதாக வந்த ஆசிரியர்கள் கேட்பது, ஒன்றிரண்டு தாத்தாக்கள் சண்டைக்கு வருவது போலக் கேட்பது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். தனியார் பள்ளிக்குப் பொருந்துவதும் இதில் நிறைய உண்டு.

பழக்கமெல்லாம் வீட்டில் வருவது. அதை ஏன் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டுகிறீர்கள்?

வீட்டில் வருவதுதான். ஆனால் வீட்டில் இல்லாதது எப்படி வரும்? சோப்பு போட்டுக் கை கழுவுகிற தொட்டியைப் பள்ளியில்தான் முதலில் பார்த்த பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். கரும்பலகை தெரியவில்லை என்பதையே வாத்தியார் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு கண்ணாடி போட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இன்னொன்று, பள்ளியில் செலவாகும் நேரம். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி ஒன்று முதல் ஐந்து வரை வருஷத்துக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். அத்தனை நாளும் பிள்ளை விழித்திருக்கிற நேரத்தில் பெரும்பங்கு நம் கையில்தான் இருக்கிறது. அப்புறம், கூட்டத்துக்கு ஒரு பலம் உண்டு. வீட்டில் அம்மா மடியில் வைத்து ஊட்டினாலும் கேரட்டைத் துப்புகிற பையன், பந்தியில் பக்கத்திலிருப்பவன் தின்பதைப் பார்த்துத் தானும் தின்றுவிடுவான். ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கும் வீடு இதைத் தர முடியாது.

பாடப் புத்தகத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, தனியாக என்ன சொல்லித் தர வேண்டும்?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று பிள்ளை அழகாக எழுதி முழு மதிப்பெண் வாங்கும். மதிய மணி அடித்ததும் அதே பிள்ளை குழாயடிக்கு ஓடும். அங்கே இரண்டு குழாய், நூற்றைம்பது பேர், சோப்பு கிடையாது. விரல் நுனியை நனைத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது எது? புத்தகத்தில் இருந்ததா, குழாயடியில் நடந்ததா?

பணிக் காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான். பள்ளி எதைச் சொல்கிறதோ அது பிள்ளைக்குப் பரீட்சைக்கு. பள்ளி எதைச் சுலபமாக்கி வைக்கிறதோ அதுதான் பழக்கத்துக்கு. சுவரில் எழுதிய ‘சுத்தம் சோறு போடும்’ வாசகத்துக்குக் கீழேயே குப்பை கிடக்கும் பள்ளியையும் பார்த்திருக்கிறேன், வாசகமே இல்லாமல் பளிச்சென்றிருக்கும் பள்ளியையும் பார்த்திருக்கிறேன்.

சரி, கை கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். பள்ளி என்னதான் செய்ய முடியும்?

முதலில் நேரம் கொடுக்க வேண்டும். சோப்பைத் தேய்த்து விரல் இடுக்கு, நகம், புறங்கை எல்லாம் கழுவ குறைந்தது 20 விநாடி ஆகும். நூறு பேருக்கு இரண்டு குழாய் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோரையும் ஒரே மணிக்கு விட்டால் கழுவவே முடியாது. நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். ஒன்று, இரண்டாம் வகுப்பைப் பத்து நிமிஷம் முன்னதாக விட்டோம், அடுத்து மூன்றும் நான்கும், கடைசியில் பெரிய பிள்ளைகள். பி.வி.சி. குழாயில் நீளவாக்கில் பத்துத் துளை போட்டு, சுவரோரம் மாட்டி, ஒரே திருகில் பத்துப் பேருக்குத் தண்ணீர் வருகிற மாதிரி உள்ளூர் பிளம்பர் செய்து கொடுத்தார். பெரிய செலவில்லை.

கழிவறைக்குப் போய் வந்த பிறகு கழுவுவதைத்தான் பிள்ளைகள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பல பள்ளிகளில் கழிவறை ஒரு மூலை, குழாய் இன்னொரு மூலை. கழிவறை வாசலிலேயே ஒரு வாளியும் சோப்பும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சோப்பு வைத்தால் காணாமல் போகிறதே?

போகத்தான் செய்யும். பழைய காலுறையிலோ வெங்காயம் வருகிற வலைப் பையிலோ சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். இன்னும் நல்லது, சோப்பைச் சீவித் தண்ணீரில் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் வைப்பது. சோப்புத் தண்ணீரை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கொண்டுபோனாலும் சந்தோஷம்தான், வீட்டிலும் கை கழுவுகிறார்கள் என்று அர்த்தம்.

என் பெண் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் போனபடியே திரும்பி வருகிறது. டீச்சர் குடிக்கச் சொல்லக் கூடாதா?

இந்தக் கேள்வி ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்களிடமிருந்து தவறாமல் வரும். பதில் தண்ணீரில் இல்லை, கழிவறையில் இருக்கிறது.

ஒருமுறை எட்டாம் வகுப்புப் பெண்களிடம் உட்கார்ந்து பேசினேன். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் ‘தாகம் எடுக்கல மிஸ்’ என்றார்கள். கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாளி இருந்தது, குவளை இல்லை. இரண்டு மணிக்கு மேல் தண்ணீரும் வராது. அதனால் காலையிலிருந்தே குடிக்காமல் இருந்துவிடுவது என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு வகுப்பே சேர்ந்து எடுத்த முடிவு அது. யாரும் ஆசிரியரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிவைத்தால் நீர்க்கடுப்பு வரும், சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல், தலைவலி வரும். மூன்று மணிக்குப் பாடத்தில் மனசு நிற்காது. நாம் அதைப் பார்த்து ‘கவனமில்லாத பெண்’ என்போம்.

கேரளத்தில் 2019-இல் சில பள்ளிகள் ‘வாட்டர் பெல்’ என்று தொடங்கின. தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி. அது கர்நாடகத்துக்குப் போய், தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். சிறிய பிள்ளைகளுக்கு உடனே பலன் தெரியும். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் மணி அடித்தால், பெண் பிள்ளைகள் பாட்டிலை வாயில் வைத்து எடுப்பது போலக் காட்டுவார்கள், அவ்வளவுதான். முதலில் தாழ்ப்பாள், அப்புறம் மணி.

ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சத்துணவும் காலை உணவும் வயிற்றை நிரப்பத்தானே? அதில் என்ன பழக்கம் வருகிறது?

வயிற்றை நிரப்பத்தான் தொடங்கியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு என்று மதிய உணவைத் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதை மாநிலத்துக்குக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். முட்டை 1989-இல், கலைஞர் ஆட்சியில் வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு கூடிக்கூடி இப்போது வாரத்துக்கு ஐந்து. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013 வாக்கில் ஜெயலலிதா ஆட்சியில் வெறும் சாம்பார் சாதம் போய்க் கலவை சாதங்கள் வந்தன. ஒவ்வொரு ஆட்சியும் முந்தையதன் மேல் ஒரு கரண்டி கூட்டி வைத்திருக்கிறது. நம் அரசியலில் இப்படி நடப்பது அபூர்வம்.

காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஸ்டாலின் தொடங்கி வைத்தது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அடுத்தடுத்த ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. பொங்கல், கிச்சடி, உப்புமா, கூடவே காய்கறி போட்ட சாம்பார். இதைத் தின்பது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

இதில் பழக்கம் எங்கே என்றால், முதல் பழக்கமே காலையில் சாப்பிடுவது. வேலைக்குப் போகும் அம்மா ஐந்து மணிக்கே பஸ் ஏறிவிடுவாள். பிள்ளை டீயும் வறுக்கியுமாக வரும், அல்லது ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டோடு வரும். காலைப் பிரேயர் வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். என்னம்மா சாப்பிட்டாய் என்றால் ஒன்றுமில்லை என்று வரும்.

இரண்டாவது, நேரத்துக்கு உட்கார்ந்து, கை கழுவி, வரிசையில் நின்று, சிந்தாமல் சாப்பிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைப்பது. வீட்டில் டிவி முன்னால் நடக்கும் சாப்பாட்டில் இது ஒன்றும் இல்லை.

மூன்றாவது எனக்கு முக்கியமானது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிடுவது. இது உடல்நலத்தில் சேருமா என்று கேட்காதீர்கள். 2023-இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. பெரியவர்களின் சாதிக்காகப் பிள்ளை பட்டினி கிடந்தது. பசி உடல்நலத்தில் சேராமல் வேறு எதில் சேரும்?

கீரையை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஆசிரியர் கூட உட்கார்ந்து அதே கீரையைச் சாப்பிட வேண்டும். தன் டிபன் பாக்ஸோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டு, ‘கீரை சாப்பிடு’ என்றால் நடக்காது. பள்ளிக்குப் பின்னால் ஒரு பாத்தி கீரை போட்டு, கை கழுவுகிற தண்ணீரை அதில் விட்டுப் பாருங்கள். தான் விதைத்த அரைக்கீரையைத் தின்னாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. முருங்கை இன்னும் சுலபம், ஒரு கொம்பை நட்டால் போதும்.

வாரா வாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். சாப்பிட்டால் குமட்டுகிறது என்று மகள் தூக்கிப் போட்டுவிடுகிறாள். அவசியமா?

அவசியம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அது கல்யாணத்துக்குப் பிறகு திடீரென்று வருவதில்லை, எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வளர் இளம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நீல மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஐந்து முதல் பத்து வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, அளவு குறைவு. பையன்களுக்கும் உண்டு. ‘இது பொம்பளப் பிள்ளைங்க மாத்திரை’ என்று பையன்கள் நழுவுவதை விடாதீர்கள்.

குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துக் கொடுத்தால் குறையும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரையோடு டீ, காபி கூடாது, இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நல்லது.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஒன்றை எடுத்துக் கொடுத்து, கண் முன்னால் விழுங்க வைத்து, மீதியைப் பூட்டி வைக்க வேண்டும். 2023 மார்ச்சில் நீலகிரியில் மாணவிகள் சிலர் யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டு, ஒரு குழந்தை இறந்தே போனது. இரும்பு மாத்திரை மிட்டாய் இல்லை, அளவு மீறினால் விஷம். இதைப் பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குடற்புழு மாத்திரை?

பயப்படாமல் கொடுங்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், நன்றாகச் சப்பி விழுங்க வேண்டும். தேசிய அளவில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாள் வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் தேதி கொஞ்சம் முன்னே பின்னே போகும். அன்றைக்குக் காய்ச்சலோ உடம்பு சரியில்லாமலோ இருந்தால் தள்ளிப்போடலாம், விடுபட்டவர்களுக்கென்று ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. வயிற்றில் புழு அதிகமிருக்கும் பிள்ளைக்கு லேசாக வயிற்றுவலி, வாந்தி வரலாம், தானே சரியாகும். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

பள்ளி வாசலில் இருக்கும் பெட்டிக்கடையை என்ன செய்வது? பாவம், அவர்களுக்கும் பிழைப்புதானே?

பிழைப்புதான். அதனால் கடையையும் கடைக்காரரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. புகையிலைப் பொருள் எதையும் கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது, 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கஜம் என்றால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி போட்டது. இந்த இரண்டாவது விதி இருப்பதே பல தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியாது.

புகையிலையில் தயவு காட்ட மாட்டேன். ‘கூல் லிப்’ என்று சின்னப் பொட்டலம், பையன்கள் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே தெரியாது. புகை இல்லை, வாடையும் பெரிதாக இல்லை. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இதைப் பற்றிக் கேள்வி எழுப்பும் அளவுக்குப் போனது. ஏழாம் வகுப்புப் பையன் திடீரென்று பேசும்போது வாயை மூடிக்கொண்டால், உதடு வீங்கினாற்போல் இருந்தால், அடிக்காமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

தின்பண்டம் வேறு விஷயம். எங்கள் பள்ளிக்கு எதிரே ஒரு பாட்டி கடை வைத்திருந்தார். பாக்கெட் சிப்ஸ், கலர் கலராய்ப் பிளாஸ்டிக் குழாயில் உறைந்த ஐஸ், எல்லாம் இருந்தது. விற்காதே என்று விரட்டினால் அந்தப் பக்கம் போய் விற்பார். வேறு என்ன விற்கலாம் என்று உட்கார்ந்து பேசினோம். வேர்க்கடலை, கடலை மிட்டாய், சுண்டல், நெல்லிக்காய், கொய்யா, சீசனுக்குப் பனங்கிழங்கு. பாட்டிக்கு லாபம் குறையவில்லை. சிப்ஸ் முழுசாக ஒழிந்ததா என்றால் இல்லை, பின்னால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முன்னால் தொங்குவது கடலை மிட்டாய் ஆனது. அந்த மட்டுக்கும் சரி.

குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடியுமா?

சொன்னால் புரியாது, காட்டினால் புரியும். 300 மில்லி கோலா பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை. ஒரு கண்ணாடி டம்ளரில் ஆறேழு டீஸ்பூன் சர்க்கரையை வகுப்பில் எல்லோர் முன்னாலும் எண்ணிப் போடுங்கள். நான் போட்டபோது நாலாவது ஸ்பூனிலேயே ‘போதும் மிஸ்’ என்று கத்தினார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2025-இல் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியும் வைக்கலாம், யார் தடுக்கப்போகிறார்கள்? பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுப்பதையும் அப்படியே கடலை மிட்டாய்க்கு மாற்றிவிடுங்கள்.

பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். பத்தாம் வகுப்பு என்றால் பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிஷம் வியர்க்க வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு பீரியட் கிடைத்தாலே அதிகம், அதிலும் ஒன்றைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

இன்னொரு கண்ணால் பாருங்கள். மைதானம் இருக்கிற பள்ளியிலும் அது யாருக்கு? கிரிக்கெட் ஆடும் பத்துப் பையன்களுக்கு. பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள், குண்டான பையன் ஸ்கோர் எழுதுவான். போட்டிக்கு ஆள் எடுப்பதுதான் விளையாட்டு என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். கபடி, கோ-கோ, பாண்டி, கல்லா மண்ணா, கயிறு தாண்டுவது எல்லாம் மொத்த வகுப்பும் ஆடக்கூடியவை. கருவி வேண்டாம், பெரிய இடமும் வேண்டாம். தப்பு செய்த பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓட வைக்கும் தண்டனையையும் இன்றோடு நிறுத்துங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளை ஆயுசுக்கும் ஓட மாட்டான்.

ஜப்பானில் பிள்ளைகளே பள்ளியைத் துடைக்கிறார்களாமே. நம் பிள்ளைகள் செய்தால் மட்டும் ஏன் செய்தியாகிறது?

ஜப்பானில் எல்லாப் பிள்ளையும் முறை வைத்துச் செய்கிறது. மருத்துவர் மகனும் துடைப்பான், கடைக்காரர் மகளும் துடைப்பாள். அதனால் அது பாடம். நம் ஊரில் விளக்குமாறு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். வகுப்பறை கூட்டுவது பெண்களுக்கு, கழிவறை என்றால் குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு. அது பாடம் இல்லை, சாதி. இதற்காகத் தலைமை ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் ஆனதும் கைதானதும் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது, நியாயம்தான்.

வகுப்பறையைக் கூட்டுவது, பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது இவற்றை வரிசை எண்படி, ஆண் பெண் பேதமில்லாமல், ஆசிரியரும் சேர்ந்து செய்யலாம். கழிவறைக்குச் சம்பளம் வாங்கும் பணியாளர் வேண்டும், அவருக்குக் கையுறையும் வேண்டும். பிள்ளை கற்க வேண்டியது, போன பிறகு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது.

மாதவிலக்கு பற்றி வகுப்பில் பேசலாமா? பையன்கள் முன்னால்?

பேச வேண்டும். நான் முதலில் பெண்களுடன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். அதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை. வெளியே நின்ற பையன்களுக்கு அது ஏதோ கேலிக்குரிய ரகசியம் ஆகிவிட்டது. பிறகு உயிரியல் பாடமாக இரு தரப்புக்கும் சேர்த்துச் சொன்னேன். முதல் பத்து நிமிஷம் சிரிப்பு. அப்புறம் ஒரு பையன், ‘எங்கக்காவை அதனாலதான் தனியா உட்கார வைக்கிறாங்களா மிஸ்?’ என்று கேட்டான். அதன் பிறகு வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

பொருள் விஷயத்தில் நம் மாநிலம் முன்னால் இருக்கிறது. புதுயுகம் திட்டத்தில் வளர் இளம் பெண்களுக்கு இலவச நாப்கின், இரண்டு மாதத்துக்கு ஆறு கொண்ட மூன்று பாக்கெட். இதைக் கொடுக்கும் விதம்தான் சரியில்லை. காலை வணக்கத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிற பள்ளி உண்டு. அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு பாக்கெட் எப்போதும் வகுப்பு அலமாரியில், கேட்காமலேயே எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கழிவறையில் மூடியுள்ள குப்பைத் தொட்டி வேண்டும். பெற்றோரே, சடங்கு சுற்றுவது உங்கள் விருப்பம். அதற்காகப் பதினைந்து நாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள்.

கண், பல் சோதனைக்கு ஆட்கள் வருகிறார்களா?

நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை வரும். கண்ணில் குறை தெரிந்தால் ஆறாம் வகுப்பு முதல் இலவசக் கண்ணாடி உண்டு, 2009-இல் வந்த ‘கண்ணொளி காப்போம்’ திட்டம். கண்ணாடி வந்த பிறகுதான் வேலை ஆரம்பம். பெண் பிள்ளை போட மாட்டாள், ‘சோடாபுட்டி’ என்று கேலி. அந்தக் கேலியை நிறுத்துவது வகுப்பாசிரியர் பொறுப்பு.

காய்ச்சலோடு அனுப்பலாமா? முழு வருகைக்குப் பரிசு இருக்கிறதாம்.

அனுப்பாதீர்கள். முழு வருகைப் பரிசு என்ற வழக்கமே எனக்குப் பிடிக்காது, நானும் பல வருஷம் கொடுத்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பென்சில் பெட்டிக்காக அம்மை கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்த பிள்ளை ஒன்று பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அம்மை, பொன்னுக்கு வீங்கி, மெட்ராஸ் ஐ இவற்றுக்கு வீட்டில் இருப்பதுதான் சரி. பேனுக்கு மட்டும் வீட்டில் நிறுத்த வேண்டாம், சீப்பும் பொறுமையும் போதும்.

மழைக் காலத்தில் இன்னொன்று. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதாவது பள்ளி நேரத்தில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் சுற்றி வந்து டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் போதும். அவர்களுக்கு இது புதையல் வேட்டை மாதிரி, ஆர்வமாகச் செய்வார்கள்.

வீட்டில் விடிய விடிய போன் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் சொல்கிறார்.

இது உங்கள் பக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும், அதற்கு மேல் வயதுக்கு 8 மணி. ஆனால் பள்ளியும் வீட்டுப் பாடத்தை வாட்ஸ்அப்பில் இரவு ஒன்பது மணிக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

சரியான தொடுதல், தவறான தொடுதல் எல்லாம் பள்ளியில் சொல்லித் தர வேண்டுமா?

ஒன்றாம் வகுப்பிலிருந்தே. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளி மாணவர்களுக்கான உதவி எண். இரண்டையும் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், சுவரிலும் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பெற்றோராக நான் எங்கே போய்க் கேட்பது? ஹெச்.எம். கோபித்துக்கொள்வாரே?

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு வெறும் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். போகிற அன்று அரை மணி முன்னதாகப் போய், பிள்ளைகள் போகும் கழிவறைக்குள் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள், ஆசிரியர் கழிவறைக்கு இல்லை. மாலை மூன்று மணி நல்ல நேரம், காலையில் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுகிறதா, குவளை இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா. பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லித் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்க முடியும்.

ஹெச்.எம். கோபித்துக்கொள்வாரா என்றால், எனக்குத் தெரிந்த பெரும்பாலான ஹெச்.எம்.கள் இப்படி யாராவது எழுதிக் கொடுக்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். மேலே கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு காகிதம் வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த எட்டாம் வகுப்புப் பெண்கள் சொன்ன நான்கு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் மாட்ட ஒரு நாள்தான் ஆனது. அதைக் கேட்டு எழுத யாருக்கும் தோன்றாமல் போனது அதற்கு முன்னால் மூன்று வருஷம்.